எழுத்தில் தரமாட்டார்கள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. எல்லோரும் நலம்தான். உன் வீட்டில் இருக்கிற என் ஆபீஸ் லேப்டாப்பைப் பற்றி இனிமேல் போனில் ஒரு வார்த்தை கூடாது. விசா ஆலோசகர் அப்படிச் சொல்லிவிட்டார். விசாவை நீட்டிக்கும்போது சில சமயம் போனை வாங்கிப் பார்க்கிறார்களாம். அதனால்தான் இந்தப் பேனாவும் தாளும். பத்து வருடமாகக் கையெழுத்தைத் தவிர எதையும் கையால் எழுதியதில்லை. விரல் வலிக்கிறது.

உனக்கு முழுக் கதையையும் நான் சொன்னதே இல்லை. உன் மாமாவுக்கு இங்கே மருத்துவமனைகளில் ஸ்கேன் மெஷின் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. மனைவி என்ற முறையில் எனக்கும் விசா கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: வேலை செய்ய அனுமதி இல்லை. என் வேலையோ நம் நாட்டுக் கம்பெனியில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள் இருக்கிறதே, அதன் ப்ரூஃபைப் பார்ப்பது. எத்தனை மில்லி, எத்தனை வேளை, யார் சாப்பிடக் கூடாது, எல்லாம். சம்பளமும் அங்கேயுள்ள வங்கிக்குத்தான் போகிறது. அப்படியானால், இங்கே சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்வது "வேலை செய்வது" ஆகுமா, ஆகாதா? கேள்வி இவ்வளவுதான்.

குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ப் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். ஆறாம் கவுன்ட்டரில் இருந்தவர், "சம்பளம் இங்க வாங்கலையே, அப்ப எங்களுக்கு என்ன?" என்றார். "அதை எழுதித் தருவீங்களா?" என்றேன். "எழுதித் தர வழக்கமில்லை" என்றார். சந்தேகம் தீராமல் ஒன்பதாம் கவுன்ட்டருக்குப் போனேன். அந்தப் பெண், "உடம்பு எங்க இருக்கோ அங்கதான் வேலை. உங்க உடம்பு இங்கதானே இருக்கு?" என்றாள். அவளும் எழுதித் தர மாட்டாளாம். ஒரே கூரை, நடுவில் மூன்று கண்ணாடித் தடுப்பு. ஒரு பக்கம் நான் யோக்கியம், மறுபக்கம் குற்றவாளி.

பிறகுதான் ஆலோசகர். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய விரலில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. விசா ஒட்டிய பக்கத்தை ஊதிவிட்டுச் சொன்னார்: "எதுக்குங்க கேக்கறீங்க? கேட்டாத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேக்காதவரைக்கும் எல்லாம் சரியா இருக்கும்." இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு அலுவலகம், வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு.

என் மேனேஜரும் அதே ஜாதிதான். கிளம்பும்போது, "ஆள் இல்லாம தவிக்கிறோம். நீங்க ஊர்ல இருக்கற மாதிரியே இருங்க. நான் கேக்கல, நீங்க சொல்லல" என்றார். லேப்டாப் உன் வீட்டில் இருந்தால் கம்பெனிக் கணக்கில் நானும் உன் வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்து என் சொந்தக் கம்ப்யூட்டர் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பேன். அவருடைய யோசனைதான் இதுவும். எழுத்தில் இல்லை.

நீ செய்ய வேண்டியது இத்தனை மாதமாகச் செய்கிற ஒன்றுதான். தினமும் காலை எட்டு மணிக்கு அதை ஆன் செய். வேறு எதையும் தொடாதே.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

தபால்காரர் உன் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நான் பிரிக்கிற வரை நின்று பார்த்தார். அவருக்கும் யாருக்கு என்ன ஆயிற்று என்ற கவலை.

உன் லேப்டாப் சௌக்கியம். ஷூ அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். அங்கேதான் பிளக் இருக்கிறது. காலையில் சாமி விளக்கு ஏற்றுகிற மாதிரி எட்டு மணிக்கு அதை ஏற்றிவிட்டுத்தான் டிரைவிங் ஸ்கூலைத் திறக்கப் போகிறேன். பகலெல்லாம் அது தானாக எழுதிக்கொள்வதும் அழித்துக்கொள்வதுமாக இருக்கிறது. என் டீச்சர் பெண்டாட்டிக்கு அதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறதாம். "உங்க அக்கா கை மட்டும் நம்ம வீட்ல இருக்கு" என்றாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

விஷயம் என்னவென்றால், போன வாரம் உன் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்குமாம். இன்னார் இந்த முகவரியில் வசிக்கிறார், லேப்டாப் அவர் பொறுப்பில் இருக்கிறது என்று வீட்டில் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டேன். போடும்போது கை கூசவில்லை என்று சொன்னால் அது பொய்.

நான் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் பதினாறு வருடமாக நடக்கிறவன். எழுதிக் கேட்டால் எழுதித்தான் இல்லை என்பார்கள். வாயால் கேட்டால் சரி, பார்க்கலாம் என்பார்கள். அந்தப் "பார்க்கலாம்" மேலேதான் என் ஸ்கூலே ஓடுகிறது. உன் ஆலோசகர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நீதான் கமா, புள்ளி எல்லாம் பார்த்துப் பழகிவிட்டாய். உலகம் அப்படி ப்ரூஃப் பார்த்து அச்சடித்தது இல்லை அக்கா.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

ஷூ அலமாரியா? சரி. என் உத்தியோகத்துக்கு ஏற்ற இடம்தான்.

கையெழுத்துப் போட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. உன்னையும் இதற்குள் இழுத்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

இங்கே நடந்ததைக் கேள். இந்தக் கட்டடத்தை மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். வாஷிங் மெஷின் இருக்கும் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். யாரோ போட்டு எடுத்த துணியிலிருந்து உதிர்ந்த முடி மெஷினின் ரப்பர் வளையத்தில் சுருண்டு கிடந்தது. அதை நான் காகிதத்தால் வழித்துக்கொண்டிருந்தேன். "பகல்ல உங்க வீட்லேர்ந்து பேச்சுச் சத்தம் கேக்குதே, யாரு வந்திருக்காங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கம்பெனிக் கூட்டத்தில் நான் பேசுவது சமையலறைக் காற்றுக்குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது போலிருக்கிறது. "யாரும் இல்ல. உங்க பாஷையைப் பேசிப் பாத்துப் பழகறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

மறுநாள் மூன்று மணிக்குக் கதவைத் தட்டுகிறாள். கையில் அவள் பேத்தியின் பாடப்புத்தகம். "தனியா எப்படிப் பழகுவீங்க? நான் சொல்லித் தரேன்." வாரம் மூன்று நாள் வருகிறாள். இது பூனை, இது நாற்காலி என்று சொல்லிக் கொடுக்கிறாள். காசு வேண்டாம் என்கிறாள். அவள் போன பிறகு, விட்ட வேலையை எட்டிப் பிடிக்க இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காருகிறேன். கெட்டவளாக இருந்தால் பரவாயில்லை. நல்ல மனுஷியிடம் தினமும் பொய் சொல்வது வாயில் எச்சில் ஊறித் துப்ப இடமில்லாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அடுத்தது உன் மாமா. சனிக்கிழமை அவருடன் வேலை பார்க்கிறவர்கள் சாப்பிட வந்தார்கள். ஒருவர் மனைவி என்னிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா, "இவங்களுக்கு என்ன, ராணி மாதிரி இருக்காங்க. பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, சிறுநீரக நோயாளி தொடக் கூடாத ஒரு மாத்திரையின் தாளில் அந்த எச்சரிக்கை வரியே விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்திருந்தேன். தட்டு கழுவும்போது, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "உன் பாதுகாப்புக்குத்தான். உன்னைப் பிடிச்சா என் பெர்மிட்டும் போயிடும், தெரியும்ல?" என்றார். என் பாதுகாப்பில் தொடங்கி அவர் பெர்மிட்டில் முடிந்துவிட்டது வாக்கியம்.

விட்டுவிடலாமே என்று நீ கேட்பாய். எனக்கு இந்த ஒரு வேலைதான் நன்றாக வரும். அதை விட்டால் உன் மாமா சொன்ன ராணிதான் மிச்சம்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

இதைப் படித்துவிட்டு என் மேல் பாயாதே. லேப்டாப்பை நம் வீட்டிலிருந்து எடுத்துவிட ஏதாவது வழி பார்.

செவ்வாய்க்கிழமை உன் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் நேரிலேயே வந்துவிட்டான். லேப்டாப்பைச் சரிபார்க்கவாம். நான் வண்டியில் ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் டீச்சர் மட்டும். அவன், "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறான். டீச்சர் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "அண்ணி குளிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். அவன் காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். டீச்சர் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் குளியலறைக்கு வெளியே நின்றிருக்கிறாள். உள்ளே காலி பக்கெட் நிரம்பி வழிகிறது. கடைசியில் அவன் லேப்டாப்பின் நம்பரை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் வந்து இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பு. "நான் வகுப்புல பொய் சொன்ன பசங்களை எழுந்து நிக்க வைக்கிறவ. என்னைக் காலிக் குளியலறைக்குக் காவல் வெச்சுட்டீங்க" என்றாள். நான்கு நாளாகப் பேச்சில்லை. சாப்பாடு வருகிறது, வார்த்தை வரவில்லை.

இன்னொன்று. பதினான்காம் தேதி இங்கே கரண்ட் போய்ப் போய் வந்தது. லேப்டாப் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நீதான் தொடாதே என்று சொன்னாயே, ஆனால் போனில் கேட்கவும் கூடாதே, என்ன செய்வது? அணைத்து மறுபடி போட்டேன். ஏதோ ஒரு பெட்டி வந்து ஆங்கிலத்தில் கேட்டது. பழையதை எடுக்கவா, அனுப்பவா என்கிற மாதிரி. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். ஆம் என்று சொன்னால்தான் எதுவும் நகரும் என்பது என் அனுபவம். ஆம் என்றேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கம்ப்யூட்டர் வருகிறது பார்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

நான் போனில் கத்தியதற்கு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் கேட்கப் போவதில்லை.

என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்துகொள். பதினான்காம் தேதி நான் பார்த்துக்கொண்டிருந்தது கைக்குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்தின் தாள். ஒரு வேளைக்கு 0.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில், வந்த ப்ரூஃபில் 5 என்று இருந்தது. முன்னால் இருந்த பூஜ்யமும் புள்ளியும் விழுந்துவிட்டன. பத்து மடங்கு. நான் திருத்திக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. நீ ஆம் என்று அழுத்தியது எதற்குத் தெரியுமா? திருத்தாத பழைய பிரதியை மீட்டு, ஒப்புதல் கொடுத்து, அனுப்பலாமா என்று அது கேட்டதற்கு. என் பெயரில் ஒப்புதல் போய்விட்டது. மறுநாள் பட்டியலில் அந்த வேலை முடிந்ததாகக் காட்டியது. கூட வேலை பார்க்கிற பெண் முடித்திருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன். பதினைந்து வருடத்தில் ஒரு தாளைக்கூட அப்படி விட்டதில்லை. அன்று மூன்று மணிக்குப் பூனை, நாற்காலி படிக்க வேண்டியிருந்தது.

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. தேதியைப் பார்த்ததும் அந்த நாளின் வேலைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அப்போதே மேனேஜருக்குப் போன் செய்தேன். "அச்சாயிடுச்சு. பெட்டி எல்லாம் குடோன்லதான் இருக்கும். நான் சத்தமில்லாம பாத்துக்கறேன். நீங்க எதையும் எழுதிடாதீங்க" என்றார். "இருக்கும்னா? இருக்கா, போயிடுச்சா?" என்றேன். "எழுதினா நீங்க எங்க இருக்கீங்கன்னு வரும். லேப்டாப் எங்க இருக்குன்னு வரும். உங்க தம்பி கையெழுத்து வரும். யோசிங்க" என்றார். ஒரு கைக்குழந்தையின் வாய்க்குப் போகிற மருந்தைப் பற்றிக் கேட்டால் முகவரியைப் பற்றிப் பதில் சொல்கிறான் அந்த மனிதன்.

பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ, "மேனேஜரே பாத்துக்கறேன்னு சொல்றாருல்ல, நீ ஏன் குதிக்கிற?" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறைக்க மாட்டேன், அந்த ஒரு நாளுக்காகவும் எனக்கு என் மேல் குமட்டுகிறது. ஒன்பதாம் தேதி காலை மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அதன் நகல். எந்தத் தாள், எந்த வரி, எப்போது போனது, எல்லாம். நான் எந்த நாட்டில் எந்த விசாவில் இருக்கிறேன், லேப்டாப் யார் வீட்டில் இருக்கிறது, மேனேஜர் என்ன சொல்லி அனுப்பினார், பொத்தானை அழுத்தியது யார், அதுவும்.

உன்னைக் கேட்காமல் உன்னை எழுதினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நல்ல காரியம் செய்தாய். ஸ்கூல் வாசலில், எல் போர்டு போட்ட வண்டிக்குப் பக்கத்தில், படிக்க வந்தவர்கள் பார்க்க நான் கைகட்டி நின்றேன். உன் கம்பெனியிலிருந்து மூன்று பேர். ஒருவர் வக்கீல்.

உனக்கு உண்மை எழுத ஆசை வந்தால் உன் உண்மையை எழுது. என்னுடையதை ஏன் எடுத்தாய்? நான் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து என்று இப்போது ஆகிவிட்டது. பொய்க் கையெழுத்துப் போட்டவனுக்கு டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிப்பார்களா? செப்டம்பரில் எனக்குப் புதுப்பிக்கும் தேதி. இதெல்லாம் உனக்குத் தோன்றியதா?

உன் மேனேஜர் மறுநாள் தனியாக வந்தார். பழத்தோடு வந்தார். நான் சொல்வதாக டைப் செய்த தாள் ஒன்று வைத்திருந்தார். லேப்டாப் அக்காவின் பழைய சொந்த லேப்டாப் என்று நினைத்தேன், அக்கா வெளிநாட்டில் இருந்து வேலை பார்ப்பது எனக்குத் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது, படிவத்தில் அக்கா சொன்னதால் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். "இதுல போட்டீங்கன்னா உங்க பேர் கேஸ்லேர்ந்தே போயிடும். அவங்க எப்படியும் மாட்டிக்கிட்டாங்க. நீங்களும் ஏன் சேர்ந்து மூழ்கணும்?" என்றார்.

போட்டுவிட்டேன்.

டீச்சருக்குத் தெரியாது. உனக்கு நான் சொல்லாமலே தெரியவரும் என்பதால் எழுதுகிறேன். நீயாக இழுத்துவிட்ட கிணற்றிலிருந்து நான் ஏறி வந்தேன், அவ்வளவுதான்.

பெட்டிகள் எல்லாம் குடோனிலேயே மடக்கிவிட்டார்களாம். ஒன்றுகூட வெளியே போகவில்லையாம். மேனேஜர் சொன்னார். அதற்கா இத்தனை கூத்து?

தம்பி


மே 18

தம்பிக்கு,

என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் பத்தாம் தேதி வந்தது. காரணம்: தங்கியிருக்கும் நாட்டின் சட்டத்தை மீறி வேலை பார்த்தது. இந்த நாட்டின் ஆறாம் கவுன்ட்டருக்கும் ஒன்பதாம் கவுன்ட்டருக்கும் தெரியாத சட்டம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற என் கம்பெனிக்கு வரி வரியாகத் தெரிந்திருக்கிறது. சொட்டு மருந்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். இணைப்பாக நீ கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. "எனக்குத் தெரியாது" என்ற சொல் அதில் நான்கு முறை. ஒரு இடத்தில் எழுத்துப்பிழை. பழக்கதோஷத்தில் பென்சிலால் வட்டம் போட்டேன். பிறகு பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

கம்பெனி உன் மாமாவின் ஆபீசுக்கும் தகவல் அனுப்பியிருக்கிறது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல முடியும்?" நான் வேலை பார்க்கிற மேஜையில்தான் ஒரு வருடமாகத் தினமும் காலையில் என் எதிரே உட்கார்ந்து காபி குடித்தார். மேனேஜருக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியாது, புருஷனுக்குத் தெரியாது. நான் ஒருத்தி மட்டும் எல்லோரையும் ஏமாற்றி, யாருக்கும் தெரியாமல், கடலைத் தாண்டி உட்கார்ந்து, திருட்டுத்தனமாகக் குழந்தை மருந்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் படுக்கையில் என்னால் படுக்க முடியவில்லை. கூடத்தில் பாய் விரித்துக்கொள்கிறேன். சண்டை இல்லை. அவர் கை பட்ட டம்ளரைக் கழுவும்போது இரண்டு தடவை கழுவுகிறேன்.

மறுநாள் கீழ்த்தளத்து அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள், போலீசைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடித் திறந்துகொண்டிருந்தாள். "அப்ப பாஷை கத்துக்கற ஆசை இல்லையா?" என்றாள். அதுதான் அவளுக்கு வலித்தது. பிறகு அவளே என்னோடு உட்கார்ந்து, குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத உதவினாள். நான் செய்தது இன்னது, இத்தனை மாதம், இது உங்கள் சட்டப்படி வேலையா இல்லையா, எழுத்தில் பதில் வேண்டும்.

நேரிலேயே போய்க் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞன் இரண்டு முறை படித்தான். "யாராவது உங்க மேல புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல. நானேதான்."

"நீங்களே வந்து சொல்றீங்களா? இதுக்கு எந்த ஃபாரம்னு தெரியலையே" என்று உள்ளே போனான். முக்கால் மணி நேரம். திரும்பி வந்து முத்திரை குத்தி வாங்கிக்கொண்டான். முத்திரை தலைகீழாக விழுந்திருந்தது.

நீ எனக்கு எழுத வேண்டாம். உன் கையெழுத்தைக் கொஞ்ச நாள் பார்க்க முடியாது என்னால்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

எழுதாதே என்று சொன்னாய். கவரில் முகவரியை டீச்சர்தான் எழுதினாள். உள்ளே என் எழுத்தை நீ படிக்காமல் கிழித்தாலும் சரி.

நான் கையெழுத்துப் போட்ட தாளை டீச்சர் பார்த்துவிட்டாள். நகலை வண்டியின் டாஷ்போர்டில் ஒளித்து வைத்திருந்தேன். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து என் முன்னால் நின்றாள். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "போய் மூடுங்க" என்றாள். மூடினேன். "அன்னிக்கு நான் நின்னேன். இனிமே நிக்க மாட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேருமாக உன் கம்பெனிக்குப் போனோம். முந்தைய தாளைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரியும், ஆரம்பத்திலிருந்தே தெரியும், மேனேஜர் பழத்தோடு வந்தார், பொத்தானை அழுத்தியது நான், எல்லாம். டீச்சர் தனியாக ஒரு தாள் எழுதினாள்: "குளிக்கிறாங்கன்னு சொன்னது நான்தான்." அதைப் படித்த வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். வாங்கிக்கொண்டதற்கு ரசீது தர மாட்டோம் என்றார்கள். நகலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தோம்.

உன் மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய கிளையாம்.

லைசென்ஸ் என்ன ஆகும் என்று தெரியாது. விட்டுத் தள்ளு. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான். தினமும் பத்துப் பேரிடம் கண்ணாடியைப் பார், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார் என்று கத்துகிறேன். என் அக்கா பின்னால் வருவதைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

குடியேற்ற அலுவலகத்தின் பதில் வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம். கீழ்த்தளத்து அம்மாள் வாய்விட்டுப் படித்து விளக்கினாள். தாங்கள் விவரித்துள்ள செயல் வேலை என்று கொள்ளத்தக்கதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதுபற்றிப் பொதுவான கருத்து எதையும் இந்த அலுவலகம் தெரிவிப்பதற்கில்லை. ஆயினும் தாங்களே எழுத்துமூலம் தெரிவித்திருப்பதால் தங்கள் விசாவை நீட்டிக்கும்போது இது கவனத்தில் கொள்ளப்படும். அம்மாள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கேயாவது ஏதாவது இருக்குமோ என்று. பிறகு அவள் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள். பாடப்புத்தகத்தில் இல்லாத வார்த்தை. கேட்காமலே புரிந்தது.

ஆக, தப்பு என்று சொல்ல மாட்டார்கள். தண்டனை மட்டும் கொடுப்பார்கள்.

ஆனால் இன்னொரு கடிதமும் வந்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து. எட்டு வரி. எல்லா வரியும் நேராக இருந்தது. இந்த விவகாரத்தில் எனக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே அலுவலகம் அது. பெட்டிகள் குடோனில் மட்டும் இருக்கவில்லை தம்பி. ஏப்ரல் முதல் வாரமே பதினோரு கடைகளுக்குப் போயிருக்கின்றன. என் கடிதம் கிடைத்த மறுநாள் அவர்கள் ஆள் அனுப்பி எடுத்துவந்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு பெட்டி விற்றிருக்கிறது. ஒன்றைப் பிரிக்காமலே திருப்பி வாங்கிவிட்டார்கள். இன்னொன்றைப் பிரித்த தாய், ஐந்து மில்லியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பார்த்து, இவ்வளவா என்று சந்தேகப்பட்டு, கடைக்காரரிடம் கேட்க வந்திருக்கிறாள். குழந்தைக்குக் கொடுக்கவில்லை. அவள் கையில் குழந்தை, சிரிஞ்சில் மருந்து. அவள் சந்தேகப்படாதவளாக இருந்திருந்தால்? நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நாளில் அவள் கடைக்கு வந்திருக்கிறாள். தேதி போட்டிருக்கிறார்கள்.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. மேனேஜரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், பெரிய கிளையிலிருந்து. நான் வருகிறேன். திரும்பி இங்கே வரமாட்டேன். நீட்டிப்புக்குக் கெஞ்சி நிற்க எனக்கு மனமில்லை. உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். "என் ஆபீஸ்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். "தெரியாதுன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் பழக்கம் இருக்கே" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த யோசனை பிடித்துப்போன மாதிரி தலையை ஆட்டினார். அதைப் பார்த்த பிறகு பெட்டி கட்டுவது சுலபமாகிவிட்டது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. நீ திரும்பப் போய் எழுதிக் கொடுத்ததை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. அதற்கு முன்னால் போட்ட கையெழுத்தை நினைத்தால் நாக்கில் இன்னும் கசக்கிறது. இரண்டும் ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன. டீச்சருக்கு மட்டும் என் அன்பைச் சொல். அதில் கலப்படம் இல்லை.

உன் வீட்டில் தங்கமாட்டேன். கோபத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. நீயும் நானும் சாட்சிகள். கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள்: ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்ட நாள் முதல் விசாரணை முடியும் வரை சாட்சிகள் ஒரே வீட்டில் தங்கக் கூடாது, ஒருவருக்கொருவர் பேசவோ எழுதவோ கூடாது. உனக்கும் இதே கடிதம் வந்திருக்கும், போய்ப் பார்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் போடுவேன். ஒரு வருடத்தில் முதல் தடவையாக, செய்யலாமா கூடாதா என்று ஒருவர் தெளிவாக எழுதித் தந்திருக்கிறார். அதை மீற எனக்கு மனம் வரவில்லை.

அக்கா